ஐந்து இலக்குகளில் எதை முதலில் எடுப்பது: லோன் சீட்டில் இருக்கும் ஓர் இளம் வங்கி அதிகாரிக்கு

பொதுத்துறை வங்கியில் ஸ்கேல்-1 என்னும் தொடக்கநிலை அதிகாரியாகச் சேர்ந்து, இரண்டு ஆண்டு தகுதிகாண் பருவத்தை முடித்து, இப்போது கரூரில் ஒரு கிளையின் லோன் சீட்டில், அதாவது கடன் கோப்புகளைக் கவனிக்கும் பொறுப்பில், ஏழு மாதமாக இருக்கிறீர்கள். ஏப்ரல் மாதத்து மதிப்பீட்டுப் படிவத்தில் இந்த ஆண்டுக்கான முன்னேற்ற இலக்குகள் என்று ஐந்தை எழுதிக் கொடுத்தீர்கள்: ஜேஏஐஐபி என்னும் வங்கி ஊழியர்களுக்கான தொழில்முறைத் தேர்வு, கடன் மதிப்பீடு, அன்னியச் செலாவணி, இந்தி, எக்செல். மேலாளர் அதைத் திருப்பிக் கொடுத்து, முதலில் எது என்று ஒன்றை மட்டும் எழுதச் சொல்லிவிட்டார். சக அதிகாரிகள் எல்லோரும் ஜேஏஐஐபி என்கிறார்கள். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. இதுதான் நீங்கள் கேட்டது.

கடன் மதிப்பீட்டை முதலில் எடுங்கள் என்பது என் பதில். அது மற்ற நான்கைவிட உயர்ந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. ஐந்தில் அது ஒன்றுதான் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியோடு கட்டப்பட்டிருக்கிறது. நாற்காலி போனால் அதுவும் போய்விடும். ஜேஏஐஐபி ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்தையும் நவம்பரையும் ஒட்டி, நீங்கள் எந்த ஊரில் எந்த சீட்டில் இருந்தாலும் வரும். எக்செல் எங்கும் போகாது. ஆனால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று கடன் கோப்புகள் உங்கள் மேசைக்குத் தானாக வந்து விழுவது இந்த சீட்டில் இருக்கும்வரைதான். அடுத்த ஆண்டு மே, ஜூன் பொது இடமாற்றத்தில் உங்கள் பெயர் இருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே சீட் மாற்றம் வந்து கேஷ் பக்கமோ கணக்கு தொடங்கும் பக்கமோ போக நேரலாம். ஆக உங்களிடம் இருப்பது அதிகபட்சம் பதினான்கு மாதம். முன்னேற்ற இலக்குகளை வரிசைப்படுத்தும்போது பலரும் எதனால் அதிகப் பலன் என்று பார்க்கிறார்கள். எது எப்போது கைநழுவும் என்று பார்ப்பவர்கள் குறைவு. வங்கி போன்ற, ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும் வேலையில் இரண்டாவது கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது.

ஜேஏஐஐபி பக்கம் இருக்கும் வாதம் லேசானதல்ல. இந்திய வங்கியியல், நிதியியல் கழகம் நடத்தும் இந்தத் தேர்வில் தேறினால் ஓர் இன்க்ரிமென்ட் முன்கூட்டியே கிடைக்கிறது. 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய உடன்பாட்டின்படி ஸ்கேல்-1 அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாயில் தொடங்குகிறது. முதல் ஏழு இன்க்ரிமென்ட்டுகள் ஒவ்வொன்றும் 2,000 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் ஏறும். ஆகவே சக அதிகாரிகள் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் அந்தக் கணக்கை முழுதாகப் போட வேண்டும். மே மாதத் தேர்வுக்கு இனி நாள் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது வரும் நவம்பரா, அதற்கடுத்த மே மாதமா என்பதுதான். ஆறு மாதத் தாமதத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12,000 ரூபாய் இழப்பு, படிகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அந்தத் தொகையைக் கொடுத்து ஆறு மாதம் கடன் கோப்புகளோடு முழுக் கவனமாக இருக்கும் வாய்ப்பை வாங்குகிறீர்கள். எனக்கு இது மலிவாகத்தான் தெரிகிறது; உங்கள் வீட்டுச் சூழலில் அந்தப் பணம் இப்போதே அவசியம் என்றால் கணக்கு மாறும், அதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டு நவம்பரையே எடுங்கள்.

லோன் சீட்டில் இருப்பதாலேயே கடன் மதிப்பீடு வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த சீட்டில் மூன்று ஆண்டு இருந்து, ஆவணங்களை வரிசையாக அடுக்கவும், போன ஆண்டு ப்ராசஸ் நோட்டை (கடனை மதிப்பிட்டு எழுதும் குறிப்பு) எடுத்து எண்களை மட்டும் மாற்றி ரெனியூவல் (கடன் புதுப்பிப்பு) போடவும் மட்டுமே கற்று வெளியே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கோப்பைக் கொண்டு வேறுபாட்டைக் காட்டுகிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாகச் சற்று மாற்றியிருக்கிறேன்.

தலையணை உறையும் மேசைவிரிப்பும் தைத்து ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுக்கும் ஒரு பார்ட்டி, அதாவது கடன் வாங்கிய வாடிக்கையாளர். ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய். விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை, அதில் 5 சதவீதம் பார்ட்டியின் பங்கு, 20 சதவீதம் வங்கிக் கடன் என்ற நாயக் குழு முறைப்படி 40 லட்சம் கேஷ் கிரெடிட் லிமிட், அதாவது வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடனின் உச்சவரம்பு. விற்பனை போன ஆண்டும் 2 கோடி, இந்த ஆண்டும் 2 கோடி. லாபத்தில் பெரிய மாற்றம் இல்லை. வட்டி ஒழுங்காகக் கட்டப்படுகிறது. எண்களை மாற்றி ரெனியூவல் போடுகிறவர் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுவார். ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் வரவேண்டிய பாக்கி போன ஆண்டு 33 லட்சமாக இருந்தது, இந்த ஆண்டு 49 லட்சம். அதாவது விற்ற பணம் அறுபது நாளில் வந்துகொண்டிருந்தது, இப்போது தொண்ணூறு நாள் ஆகிறது. இதைக் கவனித்தவர், சரக்கையும் பாக்கியையும் காட்டிப் பார்ட்டி தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டுக்குப் போவார். கையிருப்புச் சரக்கு 38 லட்சம், நூல் கடைக்கும் சாயப்பட்டறைக்கும் தரவேண்டியது 14 லட்சம். பணம் கொடுத்து வாங்கிய சரக்கு 24 லட்சம். அனுமதிக் கடிதத்தில் உள்ள 25 சதவீத மார்ஜினை (பார்ட்டியே போட வேண்டிய பங்கு) கழித்தால் 18 லட்சம். வரவேண்டிய பாக்கி 49 லட்சத்தில் 40 சதவீத மார்ஜின் போக 29.4 லட்சம். ஆக டிராயிங் பவர், அதாவது இவற்றை வைத்து எடுக்கக்கூடிய தொகை, 47.4 லட்சம்; லிமிட் 40 லட்சம்தான் என்பதால் பார்ட்டி 40 லட்சம் வரை எடுக்கலாம் என்று கணினியில் பதிவாகியிருக்கிறது.

அந்த 49 லட்சத்தை வயதுவாரியாக, எது எத்தனை நாள் பாக்கி என்று பிரித்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, 15 லட்சம் தொண்ணூறு நாளைத் தாண்டியது. ஒரே ஏற்றுமதியாளரிடம் நிற்கிறது. தொண்ணூறு நாளைத் தாண்டியதை டிராயிங் பவரில் சேர்க்கக் கூடாது என்று அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனை இருக்கிறது. மீதி 34 லட்சத்தில் மார்ஜின் போக 20.4 லட்சம். டிராயிங் பவர் 38.4 லட்சம், லிமிட்டைவிடக் குறைவு. ஸ்டேட்மென்ட்டில் ஒரு பத்தி விடுபட்டதால் பார்ட்டி பல மாதமாக 1.6 லட்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். தொகை சிறிதுதான். ஆனால் இங்கிருந்துதான் உண்மையான கேள்விகள் பிறக்கும்: அந்த ஏற்றுமதியாளருக்கு என்ன ஆயிற்று, அவருக்கு வெளிநாட்டுப் பணம் வரவில்லையா, நம் பார்ட்டியின் விற்பனையில் அவர் பங்கு எவ்வளவு? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டியவர். நம் பார்ட்டி ஏன் கேட்கவில்லை? கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்பார். அந்தப் பதிலை அவர் எந்த முகத்தோடு சொல்கிறார் என்பது பட்டறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

தேர்வுக்கான பாடநூலில் டிராயிங் பவர் சூத்திரம் இருக்கும், விகிதங்கள் இருக்கும். வயதுவாரிப் பட்டியலைக் கேட்க வேண்டும் என்ற உறுத்தல் அங்கிருந்து வராது. இருபது, முப்பது கோப்புகளில் ஏமாந்தும் கண்டுபிடித்தும்தான் அது வரும். அந்த முப்பது கோப்புகள் இப்போது உங்கள் அலமாரியில் இருக்கின்றன.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கருத்து அதிலிருந்துதான் வந்தது. நான் அதிகாரியான காலத்தில் இந்தத் தேர்வுகளைப் பார்ட் ஒன், பார்ட் டூ என்போம். பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும். ஒரு நகரக் கிளையில் பதினான்கு மாதம் கடன் பிரிவில் இருந்தேன். அந்தப் பதினான்கு மாதமும் என் கவனமெல்லாம் பார்ட் டூவில்தான். கோப்புகளைக் கையெழுத்துக்குத் தயார் செய்யும் குமாஸ்தா வேலையாகத்தான் நினைத்தேன். தேறினேன், கிளையில் இனிப்புக் கொடுத்தேன். அடுத்த இடமாற்றத்தில் ஒரு சிறு ஊர்க் கிளையில் இரண்டாவது அதிகாரியாகப் போனபோது, மேலாளர் ஓர் அரிசி ஆலைக் கோப்பைக் கொடுத்து, ஆலைக்காரர் லிமிட்டை உயர்த்தக் கேட்கிறார், உன் கருத்து என்ன என்றார். பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விகிதங்களைக் கணக்கிட்டேன். கருத்து என்று ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அந்தக் கிளையில் பெரிய கடன்கள் மூன்றோ நான்கோதான். கற்றுக்கொள்ளக் கோப்பே இல்லை. விட்டதைப் பிடிக்க எனக்கு ஆறு ஆண்டு ஆயிற்று.

மற்ற மூன்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எக்செலைத் தனி இலக்காக எழுதியதே தேவையில்லாதது. மேலே சொன்ன வயதுவாரிப் பட்டியலை நீங்களே எக்செலில் பிரித்துப் போடப் பழகினால், வங்கி வேலைக்கு வேண்டிய பாதி அதிலேயே வந்துவிடும். அன்னியச் செலாவணியைப் பொறுத்தவரை கரூர் ஏற்றுமதி ஊர்தான், ஆனால் உங்கள் கிளைக்கு அந்த வணிகம் செய்யும் அதிகாரம் இல்லை, ஏற்றுமதி பில்கள் எல்லாம் வேறு கிளைக்குப் போகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பில்லைக் கண்ணால் பார்க்காமல் அதைப் படிப்பது நீச்சலைக் கரையில் நின்று படிப்பதுதான். அத்தகைய கிளைக்கு மாற்றல் வரும்போது, அதற்கான சான்றிதழ்ப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இந்தி விஷயத்தில், வடக்கே போகும் உத்தரவு கையில் வந்த பிறகு தொடங்கினாலும் தாமதமில்லை. கவுன்ட்டரில் நின்று வாடிக்கையாளரிடம் பேசிக் கற்கும் வேகம் இங்கே புத்தகம் வைத்துக் கற்றால் வராது.

ஜேஏஐஐபி-யைத் தள்ளிவைக்கச் சொன்னேன், கைவிடச் சொல்லவில்லை. அதைத் தள்ளிவைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இப்போது நான்கு தாள்கள்: இந்தியப் பொருளாதாரமும் நிதி அமைப்பும், வங்கியியலின் கோட்பாடுகளும் நடைமுறையும், வங்கியாளர்களுக்கான கணக்கியலும் நிதி மேலாண்மையும், சில்லறை வங்கியியலும் செல்வ மேலாண்மையும். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், தேற 50 வேண்டும். நான்கையும் ஒரே முறையில் எழுதி, எதிலும் 45-க்குக் குறையாமல் மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தாலும் தேறலாம். ஆகவே தாள்களைப் பிரித்து எழுதுவதைவிட ஒரே மூச்சில் நான்கையும் எழுதுவது புத்திசாலித்தனம். முதல் முறை பதிவு செய்ததிலிருந்து 3 ஆண்டு அல்லது 5 வாய்ப்பு, எது முந்துகிறதோ அதற்குள் முடிக்க வேண்டும் என்பதால், படிக்க நேரமில்லாத பருவத்தில் சும்மா பதிவு செய்து வைக்காதீர்கள். உங்கள் கிளையில் ரெனியூவல் நெரிசல், வருமான வரி ஆடிட் கெடுவான செப்டம்பர் 30-ஐ ஒட்டி ஆடிட் செய்த பேலன்ஸ் ஷீட்கள் வரத் தொடங்கும்போதுதான் உச்சத்துக்குப் போகும். நவம்பர் தேர்வுக்கான படிப்பு சரியாக அந்த நெரிசலில் மாட்டிக்கொள்ளும். மே மாதத் தேர்வுக்கு நவம்பர் பின்பாதியில் தொடங்கி, பொங்கலுக்குள் இரண்டு தாள்களை முடித்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஆண்டு முடிவு வேலைகளுக்கு நடுவே யாராலும் படிக்க முடியாது, முடியும் என்று திட்டம் போடுகிறவர் முதல் முறை ஆண்டு முடிவைப் பார்க்கிறவர். கணக்கியல் தாளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்; எட்டு மாதம் பேலன்ஸ் ஷீட் படித்தவருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

என் பதில் தலைகீழாகும் சூழல்களும் இருக்கின்றன. கடன் மேலாண்மை, கருவூலம், இடர் மேலாண்மை, கணக்கியல் ஆகிய பிரிவுகளில் வேலை செய்பவர்கள் உரிய சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. உங்களைக் கடன் செயலாக்க மையத்துக்கு எடுப்பதாக யாராவது சொல்லி, அதற்கு அந்தச் சான்றிதழ் நிபந்தனை என்றால், அதுதான் முதலில், ஜேஏஐஐபி-கூட இல்லை. உங்கள் வங்கியின் பதவி உயர்வு விதியில் ஜேஏஐஐபி-க்கு மதிப்பெண் இருந்து, ஸ்கேல்-2 தேர்வுக்கான தகுதி நாள் நவம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் விழுகிறது என்றால், நவம்பரை விடக் கூடாது. மூன்றாவது சூழலைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை: இப்போதைய வேலையிலேயே ஏதோ ஒன்று ஓட்டையாக இருப்பது. போன ஆடிட்டில் உங்கள் பெயரில் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) குறைகள் வந்திருந்தால், அதாவது அதிக இடர் வாடிக்கையாளருக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறையும், நடுத்தர இடருக்கு 8 ஆண்டுக்கு ஒரு முறையும், குறைந்த இடருக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறையும் செய்ய வேண்டிய புதுப்பித்தல் நிலுவையில் கிடந்தால், மற்ற எல்லா இலக்குக்கும் முன் அதை அடைத்துவிடுங்கள். ஆடிட் அறிக்கை வந்த மாதத்தில் மேலாளரிடம் போய், கடன் மதிப்பீடு கற்றுக்கொடுங்கள் என்று கேட்க முடியாது.

இனிப் படிவத்துக்கு வருவோம். "கடன் மதிப்பீட்டுத் திறனை வளர்த்துக்கொள்ளுதல்" என்று எழுதினால் மேலாளர் மறுபடியும் திருப்பிக் கொடுப்பார், கொடுக்கவும் வேண்டும். ஆண்டு முடிவில் அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "டிசம்பர் முடிவுக்குள் 25 லட்சத்துக்கு மேற்பட்ட 15 கேஷ் கிரெடிட் ரெனியூவல்களுக்கு, பழைய நோட்டைப் பாராமல் ப்ராசஸ் நோட்டை நானே எழுதுவேன், ஒவ்வொன்றுக்கும் தொழிலிடத்தை நேரில் பார்த்துவிட்டு எழுதுவேன், மேலாளர் திருத்திய பிறகே கணினியில் ஏற்றுவேன்." எண்ணிக்கையை உங்கள் கிளையின் கணக்குகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய நோட்டைப் பாராமல் எழுதுவது என்ற நிபந்தனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதி முடித்த பிறகு பழையதை எடுத்து ஒப்பிடலாம். அப்போது பழையதை எழுதியவர் பார்த்து நீங்கள் பார்க்காததும், நீங்கள் பார்த்து அவர் பார்க்காததும் இரண்டும் தெரியும்.

மேலாளருக்கு இதில் நேரம் செலவாகும் என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. தேதியோடு கேளுங்கள்: வாரத்துக்கு ஒரு நோட், வெள்ளிக்கிழமை மாலை, இருபது நிமிடம். சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்வது நின்ற இடத்திலேயே மறந்துபோகும். கூடவே, கடன் பாக்கி 1 முதல் 30 நாள் வரை நிலுவையானால் எஸ்எம்ஏ-0 (எஸ்எம்ஏ என்பது சிறப்புக் கவனிப்புக் கணக்கு), 60 நாள் வரை எஸ்எம்ஏ-1, 90 நாள் வரை எஸ்எம்ஏ-2 என்று தினமும் கணினியில் வரும் பட்டியலில், உங்கள் சீட்டுக்கு முன்னால் வேறொருவர் மதிப்பிட்டுக் கொடுத்த கணக்கு எதாவது தலைகாட்டினால், அதன் பழைய ப்ராசஸ் நோட்டை எடுத்துப் படியுங்கள். இந்தத் தளர்ச்சிக்கான அறிகுறி அப்போதே எந்த வரியில் இருந்தது என்று தேடுங்கள். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இதைவிட நல்ல பாடத்தை நான் நடத்தியதில்லை.

ஒருவேளை சீட் மாற்றம் செப்டம்பரிலேயே வந்துவிட்டால் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அன்றே படிவத்தில் திருத்தம் கேட்டு ஜேஏஐஐபி-யை முதலில் போட்டு, அதுவரை எழுதிய நோட்டுகளிலிருந்து நீங்கள் கற்றதை மட்டும், பார்ட்டி பெயரோ கணக்கு எண்ணோ இல்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்துக்கொண்டு புது சீட்டுக்குப் போங்கள். கோப்பின் நகல் எதையும் எடுத்துப் போகக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.